படத்தின் பின்புலம்



இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா உண்டு. விழாவுக்கு வந்த குழந்தையைப் படமெடுக்கிறோம். முகம் துலங்குகிறது, பின்னுள்ளவை பனிமூட்டம்போல் மங்குகின்றன. அழகுதான். அவ்வழகு பிறக்கும் விதத்தையும், அதனால் நாம் இழப்பதையும் சிறிது ஆராய்வோம்.

லென்ஸ் ஒரு குறித்த தூரத்துப் பொருளையே முழுக் கூர்மையுடன் காட்டவல்லது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒளிப்புள்ளிகள் படத்தில் வட்டங்களாக விரிகின்றன. வட்டம் மிகச் சிறிதாயின் கண்ணுக்குப் புள்ளியாகவே தோன்றும், பெரிதாயின் மங்கலாகும். இவ்வாறு தெளிவாகத் தோன்றும் முன்பின் எல்லையே புல ஆழம் எனப்படும்.

ஒளி புகும் துவாரம் அகன்றால் ஆழம் குறையும், குறுகினால் கூடும். 35 மில்லிமீட்டர் பிலிம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 2 மீட்டர் தொலைவில் நிற்பவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். எஃப் 2 என்னும் அளவில் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். ஆழமோ சுமார் 20 சென்டிமீட்டரே. எஃப் 16இல் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர்; ஏறக்குறைய 1.4 மீட்டர் முதல் 3.2 மீட்டர் வரை தெளிவாகும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவருக்குத் தூரத்து எழுத்துத் தெளிவதும் இவ்விதியாலேயே.

செல்பேசியின் லென்ஸ் மிகச் சிறியது. ஆதலின் இயல்பாக அதில் பெரும்பாலானவை தெளிவாகவே விழும். 2016இல் வந்த ஐபோன் 7 பிளஸ், இரு லென்ஸ்களின் காட்சி வேறுபாட்டால் தூரத்தை அறிந்து, பின்புலத்தைக் கணக்கிட்டு மங்கச்செய்தது. இத்தகைய கணக்குப் பிழைக்கும்போது கூந்தல் இழையும் மல்லிகைச் சரத்தின் ஓரமும் கரைந்துவிடும்.

அதே 2016இல், டெல்லியின் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்னர்ப் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. அங்கு வளர்ந்தோர்க்கு அவ்வீடு இனிப் பழைய படங்களின் பின்புலத்தில் மட்டுமே உண்டு. படிக்கட்டு, வேப்பமரம், இந்திப் பெயர்ப்பலகை, கொடியில் உலரும் வேட்டி: இவற்றை யாரும் தனியே படமெடுத்து வைப்பதில்லை.

ஊர்விட்டு வந்து வாழும் நமக்குப் பின்புலம் வெறும் அலங்காரமன்று, வாழ்ந்ததற்குச் சான்று. ஆதலின் முகத்திற்காக ஒரு படம் எடுப்போம். மங்கலை நீக்கி, இடத்திற்காக மற்றொன்றும் எடுப்போம். நம் பேரப்பிள்ளைகள் "இது எந்த இடம்?" என்று வினவும்போது படமே விடை கூறட்டும்.