கடைசி ஆள் வந்தாச்சா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை)



செயலாளர் என்னை மேடைக்கு அழைக்கும்போது "சைக்கிள் வீரர்" என்று சொல்லிவிட்டார். வீரமெல்லாம் ஒன்றும் கிடையாதுங்க. 1979-இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் சைக்கிள் மிதிக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு எங்களில் பாதிப் பேருக்குச் சொந்த சைக்கிள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கடை நோட்டில் பேர் எழுதிவிட்டு மணிக்கணக்கில் எடுப்போம். பாரில் ஒருத்தன், கேரியரில் ஒருத்தன், மிதிப்பவன் ஒருத்தன். பிரேக் பிடிக்குதா என்று யாரும் பார்த்ததில்லை. பிடிக்காது என்பது தெரிந்த சங்கதி. செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ரோட்டில் வண்டி குறைவாக இருந்தது காரணமே தவிர, எங்கள் சாமர்த்தியம் அல்ல.

2016-இல் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து மாதம் இரண்டு ஞாயிறு சைக்கிளில் போகத் தொடங்கினோம். திருமோகூர், கீழடி, திருவாதவூர், சமணர் மலை என்று ஊரைச் சுற்றிப் போகாத திசை இல்லை. அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு வழி தெரியும், கொஞ்சம் வேகமும் உண்டு. தலைமை தாங்க இந்த இரண்டும் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

2019 ஏப்ரல் மாதம், முதல் ஞாயிறு. தல்லாகுளத்தில் வெள்ளன ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். 23 பேர். அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோவில். அங்கே டீ குடித்துவிட்டு மேலூர் ரோட்டில் போய், அ.வல்லாளப்பட்டி பக்கம் திரும்பி அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்களே, அதே ஊர்தான். அப்போது அவ்வளவு பேருக்குத் தெரியாது. குடைவரைக் கோயிலைக் காட்டப் போகிறேன் என்ற உற்சாகத்தில் முன்னால் நான் மிதித்த மிதியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் இறங்கி எண்ணினேன். 22. பரமார்த்த குருவின் சீடர்கள் மாதிரி என்னை எண்ணாமல் விட்டுவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். என்னைச் சேர்த்தே 22.

காணாமல் போனவர் எங்களுக்கு மூத்த செட் அண்ணன். பேர் சொல்லவில்லை; இதோ இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு வயது 62, சர்க்கரையும் உண்டு. அழகர்கோவில் தாண்டியதும் செயின் கழன்றிருக்கிறது. இறங்கி மாட்டியிருக்கிறார். முன்னால் போன ஒருவருக்கும் தெரியாது. எங்களைப் பிடிக்க வேண்டுமென்று முக்கி மிதித்தவர் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே மேலூருக்குப் போய்விட்டார். அவருடைய போன் என் பையில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. தலை சுற்றி ரோட்டோரம் விழுந்தவரைக் கரும்புச்சாறு விற்கும் ஓர் அம்மா நிழலுக்குத் தூக்கிவந்து, சாறு கொடுத்து, போன் நம்பர் கேட்டிருக்கிறார். அவருக்கு நினைவில் வந்தது வீட்டு நம்பர் ஒன்றுதான்.

ஆக, எனக்கு முன்னால் வீட்டம்மாவுக்குச் சேதி போய்விட்டது. மதினி என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, உங்களை நம்பித்தானே அனுப்பினேன்? அவுக மேலூர்ப் பக்கம் விழுந்து கிடக்காகளாம். நீங்க எங்கே இருக்கீங்க?"

நான் கோயில் வாசலில் நிற்கிறேன் மதினி என்று சொல்ல வாய் வரவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. அவர் பெரிய மனசுக்காரர், "விடுப்பா, வயசாச்சுல்ல" என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். நான் மூன்று மாதம் யாரையும் எங்கேயும் கூட்டிப்போகவில்லை. அந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் படித்தேன், நிறைய யோசித்தேன்.

1897-இல் இத்தாலியில் 12 பேர் ரோம் நகரிலிருந்து நேப்பிள்சுக்குச் சுமார் 230 கிலோமீட்டரை ஒரே பகலில் சைக்கிளில் கடக்க முயன்றார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் 'ஆடாக்ஸ்' என்று அவர்களுக்குப் பேர் வந்தது. 1904-இல் பிரான்சு நாட்டில் அந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தவர், அதற்கு முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அதே தெக்ராஞ்சு. வேடிக்கை என்னவென்றால் இது பந்தயமே அல்ல. குழுவாகப் போக வேண்டும். சாலைத் தலைவர் என்று சிலர் இருப்பார்கள். வேகத்தை அவர்கள்தான் வைப்பார்கள், அவர்களை யாரும் முந்தக் கூடாது. இன்றும் அந்த வகைப் பயணங்களில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துப் போகிறார்கள். முன்னால் போகிறவன் வேலை ஓடுவது அல்ல, பிடித்து வைப்பது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த முதல் மாற்றம் கடைசி ஆள். முன்பெல்லாம் மெதுவாக மிதிப்பவர்தான் கடைசியில் வருவார். இப்போது இருப்பவர்களிலேயே நல்ல தெம்பானவரைக் கடைசியில் விடுகிறோம். பம்ப், மாற்று டியூப், ஸ்பேனர், விசில் எல்லாம் அவரிடம். அவருக்குப் பின்னால் நம் ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது. யாருக்காவது செயின் கழன்றால் அவரும் நின்றுவிடுவார்.

இரண்டாவது, முனை ஆள். எந்த ரோடு திரும்பினாலும் எனக்கு அடுத்து வருகிறவர் அந்த முனையிலேயே இறங்கி, ரோட்டை விட்டு ஓரமாக நிற்பார். கடைசி ஆள் கண்ணில் படும்வரை நகர மாட்டார். பிறகு அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த முனைக்கு அடுத்த ஆள். இந்த ஒரு ஏற்பாடு 2019-இல் இருந்திருந்தால் அண்ணன் மேலூர் போயிருக்க மாட்டார்.

இன்னொன்று, சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு. பேர், ரத்த வகை, வீட்டு நம்பர், சாப்பிடும் மாத்திரை. போன் பூட்டிக்கிடக்கும், சார்ஜ் தீரும், என்னைப் போன்றவன் பையில் இருக்கும். சீட்டு அப்படியே இருக்கும்.

தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டியது ஒன்று. கூட்டமாகப் போகும்போது பெரும்பாலும் வண்டி இடித்து விழுவதில்லை, நமக்கு நாமே இடித்துத்தான் விழுகிறோம். உங்கள் முன்சக்கரம் முன்னே போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறியிருந்து, அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக ஒடித்தால் போதும். அவர் போய்விடுவார், நீங்கள் தரையில் கிடப்பீர்கள். ஆகவே இடைவெளி விடுங்கள், சட்டென்று பிரேக் போடாதீர்கள். முன்னால் "பள்ளம்!" என்றால் அந்தச் சத்தம் கடைசிவரை போக வேண்டும். பின்னால் "பஸ்!" என்றால் என் காதுவரை வர வேண்டும். 25 பேர் ஒரே வாலாக நீண்டால் பஸ்காரர் முந்தவும் முடியாமல், பின்னால் வரவும் முடியாமல் தவிப்பார். அவர் பொறுமை இழந்தால் நமக்குத்தான் ஆபத்து. எட்டெட்டுப் பேராகப் பிரிந்து நடுவில் நூறு இருநூறு மீட்டர் விட்டுவிட்டால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

நம்ம பக்கத்து ரோடுகளுக்கென்று சில குணங்கள் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அறுவடை சமயத்தில் கிராமத்து ரோட்டில் வைக்கோலும் கொள்ளும் காயும். அதன் மேல் மிதித்தால் வழுக்கும், கியர் சைக்கிளில் வைக்கோல் சுற்றினால் சக்கரமே நின்றுவிடும். இறங்கித் தள்ளுங்கள், அவர்கள் உழைப்பை மிதிக்காமலும் இருந்த மாதிரி இருக்கும். விடியும் முன் மாட்டுத்தாவணிக்கு வரும் பூ வண்டிகள் யாருக்கும் நிற்காது. தைப்பூசத்துக்கு முன் நத்தம் பக்கம் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டோடு நடந்து வருவார்கள். அவர்களுக்கு மணி அடித்து வழி கேட்காதீர்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். அந்த ரோட்டில் 2023-இல் திறந்த ஏழு கிலோமீட்டருக்கும் மேலான பறக்கும் பாலத்தில் நான் குழுவைக் கூட்டிப் போவதில்லை. மேலே ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் ஒதுங்க மண் ஓரம் கிடையாது. பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். கோயில் பார்க்க முடியாவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம்.

இதிலே கஷ்டமான வேலை ஆளைச் சமாளிப்பதுதான். இளவட்டங்கள் "மெதுவா போனா கால் வலிக்குதுண்ணே" என்பார்கள். பெரியவர்களோ மூச்சு வாங்குவதை மறைப்பார்கள். "முடியலை" என்று நம்ம ஆள் லேசில் சொல்ல மாட்டார், அதுவும் பழைய வகுப்புத் தோழர்கள் முன்னால்! அதனால் நான் கேட்பதில்லை. பக்கத்தில் போய்ப் பேரன் பேத்தியைப் பற்றி விசாரிப்பேன். முழுசாக ஒரு வாக்கியம் பதில் வந்தால் சரி. "ம்" மட்டும் வந்தால், எனக்குத் தாகமாக இருக்கிறது என்று சொல்லி எல்லாரையும் நிறுத்திவிடுவேன்.

ஆறு மாதமாக மாணவிகளும் வருகிறார்கள். "நாங்க முன்னால போகலாமா சார்?" என்று ஒரு தங்கை தயங்கிக் கேட்டது. நான் வேலை நிமித்தம் புதுக்கோட்டையில் இருந்தபோது பார்த்ததைச் சொன்னேன். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த காலம் அது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் மணியடித்துக்கொண்டு ஊரையே நிறைத்தார்கள். நேற்றுக் கற்றவர் இன்று இன்னொருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். முப்பது வருடத்துக்குப் பிறகு மதுரையில் இதற்கு அனுமதி கேட்கலாமா?

நாளைக் காலை ஐந்தரை மணி, கல்லூரி வாசல். நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடி, சமணர் மலை. முன்னால் போவது அந்தத் தங்கை. கடைசி ஆள் நம்ம மேலூர் அண்ணன்; அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பின்விளக்கும் ஹெல்மெட்டும் இல்லாதவர்கள் இன்று ராத்திரிக்குள் என்னிடம் சொல்லுங்கள், கைவசம் நாலைந்து இருக்கிறது. காற்றை இப்போதே அடித்து வையுங்கள். திரும்பி வந்ததும் பருத்திப்பால் செயலாளர் செலவு. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.