வரலாறு படிக்கத் தடை!



ஓர் ஊர். அங்கே பள்ளிக்கூடம் உண்டு. வரலாற்றுப் பாடமும் உண்டு. ஆனால், 1800ஆம் ஆண்டுக்கு முன் நடந்த எதையும் நடத்தக் கூடாது. சொந்த ஊரின் கதையை யாரும் ஆராயவே கூடாது. ஊர்ச் சட்டமே அப்படி!

அந்த ஊரை வரைபடத்தில் தேடாதீர்கள். 'ராதர்வியர்ட்' என்ற ஆங்கில மாயக்கதை நாவலில் வரும் ஊர் அது. 2017இல் வெளிவந்த இந்த நாவலை எழுதிய ஆண்ட்ரூ கால்டிகாட், ஊடகச் சட்டத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர். எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்.

கதையின் வேர் 1558இல் இருக்கிறது. இங்கிலாந்தை மேரி அரசியார் ஆண்ட கடைசி ஆண்டு அது. சமயத்தின் பெயரால் அவர் ஆட்சியில் சுமார் 280 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்பது உண்மை வரலாறு. அந்த அச்சம் நிறைந்த காலத்தில், வயதை மீறிய அறிவு படைத்த பன்னிரண்டு பிள்ளைகள் ராதர்வியர்டுக்கு அனுப்பப்படுவதாகக் கதை போகிறது. தெய்வப் பிறவிகள் என்பார் சிலர். பேய்ப் பிறவிகள் என்பார் சிலர். அங்கே ஏதோ விபரீதம் நடக்கிறது. அடுத்து வந்த எலிசபெத் அரசியார் அந்த ஊரை மற்ற இங்கிலாந்திலிருந்து பிரித்துத் தன்னாட்சி வழங்குகிறார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பழையதைக் கிளறக் கூடாது!

நல்ல எண்ணத்தில் போட்ட தடைதான். கொடிய இரகசியம் தவறானவர் கையில் சிக்கிவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால், பாழுங்கிணற்றுக்கு வேலி போடுவது வேறு, கிணறு இருப்பதையே மறைத்துப் பலகை போட்டு மூடுவது வேறு. பலகை உளுத்த பிறகு விழுவது யார்? கிணறு இருப்பதை அறியாதவர்தானே!

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இருவர் அந்த ஊருக்கு வருகிறார்கள். ஒருவர் வரலாற்று ஆசிரியர் ஜோனா ஆப்லாங். மற்றவர் பெரும் கோடீஸ்வரர் சர் வெரோனல் ஸ்லிக்ஸ்டோன். ஆசிரியருக்கு வேலையோடு தடையும் சேர்ந்தே வருகிறது. கோடீஸ்வரருக்கோ, பாழடைந்து கிடந்த பழைய மாளிகையைப் புதுப்பிக்க எப்படியோ அனுமதி கிடைத்துவிடுகிறது!

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தத் தடை யாரைக் கட்டிப் போட்டது? பணமும் செல்வாக்கும் உள்ளவரை அது தடுக்கவில்லை. சாதாரண மக்களை மட்டுமே தடுத்தது. முன்னோர் செய்தது எதுவும் தெரியாததால், ஆபத்து வாசலில் வந்து நின்றாலும் அவர்களால் அடையாளம் காண முடியாது. கதையின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது வெறும் கற்பனைதானே என்று ஒதுக்கிவிட முடியுமா? 2011இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. அதன் 37 முன்னாள் காலனிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள், ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசாங்க வளாகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வராமல் கிடந்தன. மலாயாக் கோப்புகளும் அவற்றில் அடக்கம். காலனி ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளான கென்ய முதியவர்கள் இலண்டனில் தொடுத்த வழக்குதான் அவற்றை வெளியே கொண்டு வந்தது. 2013இல் 5,228 பேருக்கு இழப்பீடு வழங்க அரசாங்கம் இணங்கியது. அந்த ஏடுகள் பூட்டியே கிடந்திருந்தால், முதியவர்களின் வாய்மொழிக்கு அத்தனை வலிமை இருந்திருக்குமா?

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகள் மாயக்கதை படித்தால் நேரம் வீண் என்று கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து ஒன்று கேளுங்கள்: "அந்த ஊரில் நீ இருந்திருந்தால் தடையை மீறுவாயா?" பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால், அதற்கும் பதில் வைத்திருங்கள்.