தீக்காயப் பிரிவில் நமக்காகக் கண் விழிப்பவர்கள்



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பயராபீஸ் வேலைக்கு ஒருவராவது போகாத வீடுகளை எண்ணிவிடலாம். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே போகிற வீடுகளும் பல. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்திலும் நடந்த விபத்துகளை நாம் மறக்க முடியாது. தீ அணைந்ததும் ஊர்ச்சனம் வீடு திரும்பிவிடும். ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவிலே இருப்பவர்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். அவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் நம்ம பங்கு என்ன என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

தோல் நம்ம உடம்புக்குக் கதவு மாதிரி. அது வெந்துபோனால் உள்ளே இருக்கிற நீர் வெளியே கசியும், வெளியே இருக்கிற கிருமி உள்ளே நுழையும். முதல் நாள் நீர் இழப்பாலும், பிறகு வரும் நாட்களில் கிருமியாலும் உயிருக்கு ஆபத்து. இந்த இரண்டோடும் இரவு பகலாக மல்லுக்கட்டுபவர்கள்தான் அங்குள்ள டாக்டர்கள், செவிலியர்கள், உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள்.

டிரிப்ஸ் ஏற்ற டாக்டர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உடம்பில் 30 சதவீதம் வெந்திருந்தால், முதல் 24 மணி நேரத்தில் சுமார் 6 லிட்டர் தேவைப்படும். அதில் பாதியை, அதாவது 3 லிட்டரை, முதல் 8 மணி நேரத்திலேயே ஏற்ற வேண்டும். இந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து கணக்கு. வைத்தியம் தெரிந்தவர் என்று யாரிடமோ காட்டிவிட்டு 4 மணி நேரம் கழித்து வந்தால், செவிலியர் கையில் பாதி நேரம்தான் மிஞ்சும். அவர் மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து எழுதுவதும், ஏற்றுகிற நீர் போதுமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஆகவே, தீப்பட்டவுடன் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை, முட்டை எதையும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 108-க்குப் போன் செய்யுங்கள். புண் பெரிதாக இருந்தால் வெகுநேரம் தண்ணீரில் வைத்திருந்து உடம்பைக் குளிர விட்டுவிடாதீர்கள், வண்டியைத் தாமதப்படுத்தவும் வேண்டாம்.

மோதிரம், வளையல், மெட்டியை உடனே கழற்ற வேண்டும். நேரம் போகப் போக உடம்பு வீங்கும். கழுத்து வெந்திருந்தால் செவிலியர் தாலியையும் கழற்றச் சொல்வார். "அது ஆகாதும்மா" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். கணவன்மாரே, அந்த நேரத்தில் நீங்கள்தான் முன்னால் வந்து, "கழற்றுங்கள், நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தாலி உங்கள் கையில் பத்திரமாக இருக்கும். மனைவி பிழைத்து வந்து கட்டிக்கொள்வாள்.

மனைவி முழுகாமல் இருக்கிறாளா, பால் கொடுக்கிற தாயா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கிற மருந்து அதைப் பொறுத்தது.

வேன் பிடித்துக்கொண்டு ஊரே பார்க்க வருவது பாசம்தான். ஆனால் கதவில்லாத வீட்டுக்குள் கூட்டம் நுழைந்தால் என்ன ஆகும்? ஒருவர் மட்டும் போங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சொன்ன அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நிறுத்துகிற பணியாளரோடு சண்டை போடாதீர்கள். அவர் காவல் காப்பது உங்கள் வீட்டு உயிரை.

தாகம் என்று கேட்டாலும் செவிலியரைக் கேட்காமல் காப்பியோ சோடாவோ ஊற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு முட்டை, பால், பருப்பு தாராளமாகக் கொடுங்கள். புண் ஆற அதுதான் மூலதனம்.

கட்டு மாற்றும்போது நோயாளி அலறுவார். கையை நீட்டு, கழுத்தை நிமிர்த்து என்று படுத்துகிறார்களே என்று நமக்குக் கோபம் வரும். வலிக்கு ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால் விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்ளும், தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். பிறகு சோறு பிசையக்கூட முடியாது. ஒவ்வொரு அலறலையும் கேட்டுக்கொண்டு, திட்டையும் வாங்கிக்கொண்டு, அடுத்த படுக்கைக்குப் போகிறவரும் ஒரு தாய்தான், ஒரு மகள்தான்.

இன்றிரவு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து நான்கு விஷயம் பேசி வையுங்கள். தீப்பட்டால் யார் 108-ஐ அழைப்பது, யார் கூடப் போவது, பிள்ளைகளை யாரிடம் விடுவது, கையெழுத்துக் கேட்டால் யார் போடுவது. இதைப் பேசுவது அபசகுனம் இல்லை. பயராபீஸ் வாசலில் மணல் வாளி வைத்திருப்பது போலத்தான்.