குழந்தைப் புத்தகத்தில் நம் குழந்தை எங்கே?

(அம்பத்தூரில் ஒரு படிப்பகத்தின் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிறியதாகத் தோன்றலாம். குழந்தைகளின் கதைப் புத்தகத்துக்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கவும் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

சென்ற மாதம் இங்கு வரும் பிள்ளைகளிடம் காகிதமும் கலர்க் குச்சியும் கொடுத்து, உங்களை நீங்களே வரையுங்கள் என்றோம். எஸ்டேட்டில் மிஷின் ஓட்டுகிறவர்களுடைய பிள்ளைகள்; சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுடைய பிள்ளைகள். பெரும்பாலோர் நம்மைப் போல் நல்ல கறுப்பு. ஆனால் அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு எடுத்ததோ வெளிறிய ரோஜா நிறக் குச்சி! ஏனம்மா என்று கேட்டால், ஏழு வயதுப் பெண் ஒருத்தி, "இதுதானே ஸ்கின் கலர்?" என்று நம்மையே திருப்பிக் கேட்டாள். குச்சியைப் பிடித்திருக்கின்ற கையே அவள் கண்ணெதிரில் இருக்கின்றது. அதைப் பார்த்தும் தோலின் நிறம் வேறு என்று அவள் நம்புகின்றாளென்றால், அவளுக்கு அப்படிக் கற்பித்தது எது?

கடைத்தெரு விளம்பரம் ஒரு காரணந்தான். ஆனால் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த புத்தகமும் ஒரு காரணமென்பது நமது அபிப்பிராயம். அந்தக் கதைகளில் ராஜகுமாரி சிவப்பு. நல்ல பிள்ளை சிவப்பு. கறுப்பாக இருப்பவன் யார்? அரக்கன்! இல்லாவிட்டால் திருடன்! கறுப்பன் என்றே பொருள்படும் பெயருடைய கிருஷ்ணனுக்குக்கூட, படம் எழுதுகிறவர்கள் நீலச் சாயம் பூசிவிட்டார்கள். கடவுளுக்கே கறுப்பாயிருக்க உரிமையில்லாதபோது, கொத்தனார் மகளுக்கு அந்த உரிமை எங்கிருந்து கிடைக்கும்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியல்ல. அமெரிக்காவில் 1965-ல் நான்சி லாரிக் என்னும் அம்மையார் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களில், ஒரே ஒரு நீக்ரோவாவது தென்பட்ட புத்தகங்கள் 349 தான். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. புத்தகத்தில் வருகிறவர்கள் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே ஏன் இருக்கின்றார்கள் என்று ஐந்து வயது நீக்ரோச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியோடுதான் அவர் அக்கட்டுரையைத் தொடங்கினார். அதற்கு நெடுநாள் முன்பே, 1920-ல், டூபாய்ஸ் என்னும் நீக்ரோ அறிஞரும் அவருடைய தோழர்களும், பிறர் எழுதித் தருவார்களென்று காத்திராமல், தங்கள் பிள்ளைகளுக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். இரண்டு வருஷத்தில், 24 இதழ்களோடு, அது நின்றுபோயிற்று. ஆனால் கேள்வி நிற்கவில்லை. ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை 1990-ல், புத்தகம் பிள்ளைக்கு ஜன்னலாக இருப்பதோடு கண்ணாடியாகவும் இருக்க வேண்டுமென்று எழுதினார். ஜன்னலில் ஊராரைப் பார்க்கலாம். கண்ணாடியில் தன்னைப் பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு ஜன்னல் உண்டு, கண்ணாடிதான் இல்லை.

நிற்க, தமிழில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1996 முதல் சென்னையில் தூலிகா பதிப்பகம் பல பாஷைகளில் படப் புத்தகம் போட்டு வருகின்றது. அரசாங்கப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்துச் சிறு புத்தகங்களைக் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் கட்டப்படும் ஜாதிக் கயிற்றை எடுத்துக்கொண்டு விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' எழுதினார். கீழடியைப் பிள்ளைகளுக்குக் கதையாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கு 2023-ல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் கிடைத்தது. இவற்றை வரவேற்கின்றோம்.

ஆனால் படப் புத்தகத்தைத் தாண்டியும் பெரிய கதைக்கு எட்டாமலும் நிற்கும் ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு, பெரிய எழுத்தில், இரண்டு மூன்று பக்கத்துக்கொரு அத்தியாயமாக, தானே படித்து முடிக்கக்கூடிய கதை நம்மிடம் போதுமான அளவு இல்லை. "நானே ஒரு முழுப் புத்தகம் படித்தேன்" என்று பிள்ளை முதன்முதல் நிமிர்ந்து நிற்கின்ற வயது அது. அந்தப் புத்தகத்தில் அவளைப் போன்ற ஒருத்தி இல்லாவிட்டால், படிப்பு என்பது வேறு யாருக்கோ ஏற்பட்டது என்ற எண்ணமல்லவா முதலில் அவள் மனதில் பதியும்? தலைமுறை தலைமுறையாக நம்மைப் படிப்புக்கு வெளியே நிறுத்தியவர்கள் சொல்லி வந்ததும் அதுதானே!

ஆகவே என்ன செய்வது? மூன்று காரியம் சொல்லுகின்றோம்.

முதலாவது, எண்ணிப் பாருங்கள். வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பத்துப் புத்தகத்தை எடுங்கள். கறுத்த பிள்ளை எத்தனையில் வருகின்றது? வந்தால் என்ன செய்கின்றது? அழுவதற்கும், பிறர் இரக்கப்படுவதற்கும் மட்டும் வருகின்றதென்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் பிள்ளை குறும்பு செய்ய வேண்டும். துப்புத் துலக்க வேண்டும். கொரட்டூர் ஏரிக்கரையில் பட்டம் விட வேண்டும். ஆவடி ரயிலில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட வேண்டும். துக்கம் மட்டுமா நம் வாழ்க்கை?

இரண்டாவது, கேளுங்கள். சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வாங்குகின்றார்கள். குடியிருப்பவர் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அந்தக் காசு ஒளிந்திருக்கின்றது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள நூலகங்களுக்குப் போய், இன்ன மாதிரிப் புத்தகம் வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். அது பிச்சையல்ல, நம் பணத்துக்குக் கணக்கு.

மூன்றாவது, எழுதுங்கள். எழுத்தாளர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பிள்ளை வாயால் சொல்லும் கதையை அதன் பேச்சிலேயே எழுதி, நோட்டுத் தாளை நடுவில் தைத்து, படத்தை அதையே போடச் சொல்லி, இந்த அலமாரியில் கொண்டுவந்து வையுங்கள்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். பத்துப் புத்தகத்தை எண்ணிப் பார்த்தபின் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள். அந்த ஏழு வயதுப் பெண் நாளை மறுபடியும் வருவாள். கறுப்பையும் பழுப்பையும் கலந்து அவள் தன் முகத்தைத் தீட்டுகின்ற நாள்தான் நமக்கு வெற்றி.