மணல் தரும் கிளிமீன்

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கடலுக்குள் இருக்கிறது வான் தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று. இங்கே பவளப்பாறைகளில் குடியிருக்கிறது கிளிமீன். பச்சையும் நீலமும் கலந்த உடம்பு. பற்கள் ஒன்றாக ஒட்டி, கிளியின் அலகு மாதிரியே இருக்கும். அந்த அலகால் பாறையைக் கரகரவென்று சுரண்டிப் பாசியைத் தின்னும். பாசி மூடாததால் பவளம் பிழைக்கும். பாசியோடு உள்ளே போன பாறைச் சுண்ணாம்பைத் தொண்டைப் பற்களால் அரைத்து, வெள்ளை மணலாக வெளியே தள்ளிவிடும். சில வகைகள் ராத்திரியில் வழவழப்பான உறையைச் சுரந்து அதற்குள் தூங்கும்.

சுண்ணாம்புக்காக நாமும் பவளத்தை வெட்டினோம், தீவு கரைந்தது. 2001-இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்குக் காவலாக வந்தது. பாறையைக் கடித்தது இரண்டு பேரும்தான். மீன் மணலைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நாம்?