வருஷக் கணக்கும் வருஷ பலனும்



வருகிற வருஷம் சிறு வியாபாரிகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் எப்படியிருக்கும் என்று பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாம் ஜோசியரல்ல. ஆனாலும், உங்கள் வருங்காலத்தைச் சொல்லக்கூடிய புஸ்தகம் ஒன்று உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அது பஞ்சாங்கமல்ல, கணக்குப் புஸ்தகம்.

நெல் அளக்கும்போது “ஒன்று” என்று சொல்லாமல் “லாபம்” என்று சொல்லித் தொடங்குவது நம்மவர் வழக்கம். அப்படிச் சொல்லி அளந்தவர்களில் எத்தனையோ பேர் நொடித்துப் போகவில்லையா? வாயால் சொன்ன லாபம் கணக்கில் ஏறுமா?

2016 நவம்பர் 8ந் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டது. 2017 ஜூலை 1ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச் 25ந் தேதி முதல் கொரோனாவுக்காக நாடே அடைக்கப்பட்டது. இவற்றில் ஒன்றையாவது உங்கள் ஜோசியர் தேதி சொல்லி எச்சரித்தாரா? செல்லாத நோட்டு மேஷ ராசிக்காரர் பெட்டியில் மட்டுமா இருந்தது? 12 ராசிக்காரரும் பாங்கி வாசலில் ஒரே வரிசையில் நின்றதை நாம் பார்த்தோமே!

ஆகவே, ராசியை விட்டுவிட்டு மூன்று சங்கதிகளைக் கணக்கில் பாருங்கள்.

முதலாவது, வரவேண்டிய பாக்கி. பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் எப்படியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாதென்று 2006ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. தவறினால், ரிசர்வ் பாங்கி அறிவிக்கும் பாங்கி விகிதத்தைப்போல் 3 மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாகக் கொடுக்கவேண்டும். வாங்கி விற்கும் கடைக்காரருக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை; அவர் கடன் கொடுக்குமுன்பே யோசிக்கவேண்டும்.

இரண்டாவது, கொடுக்கவேண்டிய வட்டி. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுக்கிறார். தினம் 100 வீதம் 100 நாள் வசூலிக்கிறார். “1,500 தானே” என்று நினைக்கிறீர்கள். முதல் நாள் முதலே திருப்பிக் கட்டுவதால், சராசரியாக அதில் பாதிப் பணம்கூட உங்கள் கையில் நிற்பதில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறுக்கும் மேலான வட்டியாகிறது. கடை முழுகியதும் ஏழரைச் சனி பிடித்ததென்று அழுகிறீர்கள். தோழர்களே! பிடித்தது சனியல்ல, வட்டி! சனிக்கு எள் விளக்கு ஏற்றினால் வட்டி குறையுமா?

மூன்றாவது, எழுதப்படாத கூலி. கடையில் பொட்டலம் கட்டி, பெருக்கி, நீங்கள் சாப்பிடப் போகும்போது கல்லாவையும் பார்த்துக்கொள்கிற உங்கள் மனைவிக்குக் கணக்கில் ஒரு காசாவது கூலி உண்டா? உங்களுக்காவது உண்டா? இவ்விரண்டு கூலியையும் கழித்த பிறகு மிஞ்சுவதே லாபம். அப்படிக் கழித்தால் பலருடைய லாபம் நஷ்டமாகும். அது கசப்புத்தான். ஆனால், இப்போதே தெரிந்தால் திருத்தலாம். வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போனபிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

நாம் சொல்லும் வருஷ பலன் இவ்வளவுதான். பாக்கியை வசூலித்து, வட்டியைக் குறைத்து, கூலியைக் கணக்கில் எழுதுகிறவர் எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும் சமாளிக்க வழியுண்டு. மற்றவருக்கு எந்தக் குருப் பெயர்ச்சியும் உதவாது. புதுக் கணக்கில் மஞ்சள் தடவுமுன், பழைய கணக்கை ஒருதரம் கடைசிவரை கூட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.