சாளரத்துக் கண்ணாடி



இன்னும் எழுப்பப்படாத கட்டடத்தை எழுப்பி முடித்தாற்போலக் கணிப்பொறியில் படம் ஆக்கித் தரும் தொழிலை நம் குடியிருப்பின் இளைஞர் சிலர் மேற்கொண்டுள்ளனர். செங்கல்லையும் மரத்தையும் புல்லையும் அவர்கள் நன்றாகவே அமைத்துவிடுகின்றனர். சாளரத்துக்கு வரும்போதுதான் இடறுகின்றனர். சுவர் மெய்போல் நிற்க, சன்னல் மட்டும் நீலத்தாள் ஒட்டியதுபோலவோ கண்ணாடியே இல்லாத துளைபோலவோ தோன்றுகிறது. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

விடை தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. நாளைக் காலை எதிர்வரிசை வீட்டுச் சன்னலை உற்று நோக்குங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரியாது. வெளியே நேர்வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கும் ஏறும். வீட்டினுள் சில நூறு லக்ஸ் இருந்தாலே மிகுதி. ஆகவே அறை இருண்டு போக, வானும் வேப்பமரமும் நம் மாடிக் கொடியில் உலரும் துணியும் அக்கண்ணாடியில் தெரிகின்றன. இரவில் விளக்கேற்றியதும் நிலை மாறிவிடுகிறது. அதே கண்ணாடி வழியே அவர்கள் வீட்டு நாட்காட்டி வரை நமக்குத் தெரிகிறது. திரைச்சீலை வாங்கவேண்டும் என்னும் நினைவு நமக்கு வருவதும் அப்போதுதான்!

நேராக நோக்கும்போது கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே திருப்புகிறது. இரு முகமும் சேர்ந்து 8. பார்வை சாயச்சாய அவ்வளவு பெருகுகிறது. சுவரோரமாக நின்று பார்த்தால் சன்னல் ஏறக்குறைய முகம்பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடுகிறது. இக்கணக்கை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் (1788–1827). இன்றைய படக்கருவிகளில் அது அடங்கியுள்ளது. ஒளிவிலகல் எண்ணை 1.52 என இட்டால் போதும். அதை விடுத்து எல்லாக் கோணத்துக்கும் ஒரே பளபளப்பை ஏற்றுவது முதற்பிழை. தடிப்பில்லாத ஒற்றைத் தளமாகக் கண்ணாடியை அமைப்பது அடுத்த பிழை. அவ்வாறு அமைத்தால், வீட்டின் உட்புறம் முழுவதும் கண்ணாடிக் கட்டி எனக் கொண்டு கருவி ஒளியை வளைத்துவிடக்கூடும். ஐந்தாறு மில்லிமீட்டர் தடிப்புத் தந்தால் இத்தொல்லை தீரும்.

எல்லாக் கண்ணாடிகளையும் ஒரே சமதளத்தில் நிறுத்துவதும் பொய்த்தோற்றமே தரும். உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்யும் முறையைப் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-இல் அறிவித்தனர். அதற்கு முந்திய பலகணிக் கண்ணாடியில் அலை நெளியும். இன்றைய கண்ணாடி அத்துணை நெளிவதில்லை எனினும், சட்டத்துக்குச் சட்டம் இம்மியளவு சாய்ந்தே நிற்கிறது. அதனால் எதிர்வீட்டின் விளிம்பு ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்குப் போகையில் சற்று முறிந்து தெரிகிறது. அம்முறிவைக் காட்டினாலே படத்துக்குப் பாதி உயிர் வந்துவிடும். உள்ளே பாதி இழுத்த திரையும் ஒரு பின்சுவரும் இருந்தால் இன்னும் நன்று.

இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. கண்ணாடி எதிரில் இருப்பதைத்தான் காட்டும். ஆனால் பலர் எந்நாட்டிலோ எடுத்த வானத்தையும் புல்வெளியையும் அதில் பதித்துவிடுகின்றனர். நம்முள் ஒரு குடும்பத்தார் அத்தகைய படம் ஒன்றைக் கண்டே தம் சேமிப்பைக் கொடுத்தனர். குடிபோனபோது எதிரே 20 அடியில் மற்றோர் அடுக்குமாடி நின்றது. அது கட்டடத் திட்டத்தில் முன்னரே இருந்ததாம்! படத்தின் கீழ்த்தளச் சன்னல்களில் அச்சுவரே தெரிந்திருக்கவேண்டும். மேல்தளங்களில்தான் வானம் தெரியலாம். விளம்பரத்தின் பொய்யுரையை நம்பி இழப்புற்றோர்க்கு ஈடு தரவேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கண்ணாடியில் தெரியும் வானத்துக்கும் அப்பிரிவு செல்லுமா என்பதை நம் சங்கத்து வழக்கறிஞர்கள்தாம் கூறவேண்டும்.

ஆகவே இளைஞர்களை வேண்டுகின்றோம்: மனைக்குச் செல்லுங்கள், கட்டடம் எழவிருக்கும் இடத்துக்கு முதுகு காட்டி நின்று எதிர்ப்புறத்தைப் படம் எடுங்கள், அதையே கண்ணாடியில் இடுங்கள். வீடு வாங்குவோர் சன்னலில் தெரியும் மரத்தைச் சுட்டி, "இது எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். அக்குடும்பத்தார் தந்த படத்தையும், இன்று அதே இடத்தில் எடுத்த ஒளிப்படத்தையும் வாயிலருகே மேசைமேல் வைத்துள்ளோம். உணவுக்குச் செல்லுமுன் கண்டு செல்லுங்கள்.